எட்டு வட்டம்

சவுரியம்மாளுக்குத் தோலில் பழுது கண்டுபிடிப்பதுதான் வேலை. ஆம்பூரை அடுத்த துத்திப்பட்டில் ஒரு ஷூ கம்பெனி. பதினாறு வருடமாக அதே மேசை, அதே ட்யூப் லைட். பதனிட்டுச் சாயம் ஏற்றி வருகிற தோலை மேசைமேல் விரிப்பாள். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, சாட்டை விழுந்த தழும்பு, சூடு போட்ட இடம் எல்லாவற்றையும் கண்ணால் பாதி, விரலால் பாதி என்று பிடித்து, சில்வர் பேனாவால் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். வட்டம் போட்ட இடத்தை ஒதுக்கிவிட்டுத்தான் கட்டிங்காரர்கள் வெட்ட வேண்டும். டேமேஜ் மார்க் என்று அதற்குப் பெயர். நாளொன்றுக்கு இருநூறு தோல். எந்த மாடு எங்கே உரசியது, எவன் எங்கே அடித்தான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மாட்டை வளர்த்தவனுக்கே தெரியாதது அவளுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு மனுஷி சும்மா இருந்திருக்கலாம். முப்பத்தொன்பது வயதில் ஓவியம் படிக்கப் போனாள்.

போனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பதினேழு வயதில் அரசாங்க ஓவியத் தேர்வில் லோயர் பாஸ் செய்தவள். ஹையருக்குப் பணம் கட்டி, ஹால் டிக்கெட் வந்த வாரத்தில் கல்யாணம் வைத்துவிட்டார்கள். அப்புறம் நிஷா பிறந்தாள், வளர்ந்தாள், வேலூரில் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போனாள். வீட்டில் ஒரு தட்டு குறைந்ததும் சவுரியம்மாளுக்கு ஞாயிற்றுக்கிழமை பெரிதாகிப்போனது. வேலூரில் ஒரு ஓவியப் பள்ளி, ஞாயிறுதோறும் வகுப்பு, வயது வரம்பு கிடையாது, ஒரு வருடச் சான்றிதழ். அதில் தேறினால் மறுவருடம் பட்டயப் படிப்பில் நேராகச் சேர்ந்துவிடலாம் என்று கம்பெனி பஸ்ஸில் யாரோ காட்டிய நோட்டீஸில் இருந்தது. அந்த நோட்டீஸை மடித்து ஐ.டி. கார்டு உறைக்குள் செருகிக்கொண்டு ஒரு மாதம் அலைந்துவிட்டு, ஒரு நாள் சாப்பாட்டின்போது வாயைத் திறந்தாள்.

புருஷன் இன்பராஜ் சிரித்தான். "போயேன். ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறதுக்கு பதிலா அங்க போற. சாமி ஒண்ணும் சொல்லாது. சாமியாருதான் கேப்பாரு."

"கிண்டல் வேணாம். போவட்டா, வாணாமா?"

"நாந்தான் போன்னு சொல்றேனே. நீ படம் கத்துக்கினு வந்து இன்னா பண்ணப் போற? என் மூஞ்சியப் போட்டுக் குடு, சோறு வெக்கற எடத்துல மாட்டிக்கறேன். காக்கா வராது."

கிண்டலோடு சரி, தடுக்கவில்லை. அதை அவனுக்குக் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். அவள் வேலூருக்குப் போகிற ஞாயிறுகளில் அவனே சோறு வடித்து, இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் கிடைத்தால் கொத்சும் செய்துவைத்துவிட்டுத் தூங்குவான்.

இன்பராஜ் சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிடுவான். பெரிய மனிதத்தனம் ஒன்றுமில்லை. பதினாலு வருடமாக ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், சுண்ணாம்பு யார்டு வேலை. மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்பில் ஊறிக் கனத்துக் கிடக்கும் தோல்களை டிரம்மிலிருந்து இழுத்துப் போட வேண்டும். கையைச் சுண்ணாம்பு தின்றது போக மிச்சத்தைப் பதனிடுகிற குரோம் உப்பு தின்றது. வலது கையில் ஐந்து, இடது கையில் மூன்று, மொத்தம் எட்டு ஓட்டை. பட்டாணி அளவில், விளிம்பு தடித்து, ஆறாமல் உள்ளே சிவந்து கிடக்கும். குழம்பில் கை வைத்தால் உயிர் போய்விடும். தேங்காய் எண்ணெய் தடவி, துணி சுற்றி, அதன்மேல் எலக்ட்ரீஷியன் ஒட்டுகிற கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவான்.

அந்த ஓட்டைகள் யாருக்கும் தெரியக்கூடாது. அதுதான் அவன் பிழைப்பு. தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆட்கள் ஆடிட்டுக்கு வருகிற நாளில், கை கெட்டவர்களையெல்லாம் மேஸ்திரி உப்புக் குடோனுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார். மீறிக் கம்பெனி டாக்டர் கண்ணில் பட்டுவிட்டால் மெடிக்கல் லீவு. அந்த லீவில் போன கான்ட்ராக்ட் ஆள் எவனும் திரும்பி வந்ததில்லை. வருகிற ஜூலையில் இன்பராஜை நிரந்தரத்தில் எடுப்பதாகப் பேச்சு இருந்தது. பதினாலு வருடம் காத்தவன், இரண்டு மாதம் கையை மறைத்தால் போதும். இது சவுரியம்மாளுக்குத் தெரியாததல்ல. நன்றாகவே தெரியும். அதுதான் இந்தக் கதையின் கெட்ட விஷயமே.

ஓவிய வகுப்பு எடுத்தவள் அம்பரீன். இருபத்தேழு வயது. சவுரியம்மாள் அவளை மிஸ் என்பாள், அவள் சவுரியம்மாளை அக்கா என்பாள். கடைசித் தேர்வுக்கு எல்லாருக்கும் ஒரே தலைப்புதான்.

"வீட்ல ஒருத்தரோட கை. நேர்ல பாத்து வரையணும். போட்டோ பாத்து வரையக் கூடாது, கற்பனையும் கூடாது. கரித்துண்டு, வெள்ளப் பென்சில், பழுப்புப் பேப்பர், அவ்ளோதான். இதுல தேறினாத்தான் சர்டிபிகேட்."

"சோறு ஆக்கினு இருக்கற கைய வரையலாமா மிஸ்?"

"அசையாம இருந்தா உங்களுக்கு நல்லது அக்கா."

அசையாமல் இருக்கிற கை அவள் வீட்டில் ஒன்றுதான். ஞாயிறு மூன்று மணிக்கு அவள் பள்ளிகொண்டா டோல்கேட் வெயிலெல்லாம் தின்றுவிட்டு வந்து இறங்கும்போது, இன்பராஜ் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருப்பான். இரண்டு கையையும் தலையணைமேல் மலர்த்தி வைத்திருப்பான்; கீழே வைத்தால் எரியும். மே மாசம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஃபேன் சூட்டைத்தான் சுற்றியது. அவள் பழுப்புப் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள். நான்கு ஞாயிறு வரைந்தாள். வியர்வை பேப்பரில் சொட்டாமல் இருக்க நெற்றியில் துணி கட்டிக்கொண்டு வரைந்தாள். அவன் விழித்தால் பேப்பரைப் பாய்க்கடியில் தள்ளினாள்.

"இன்னாடி கரியா இருக்குது கையெல்லாம்?" என்று ஒருமுறை கேட்டான்.

"கை வரையறேன், பரீட்சைக்கு."

"யார் கைய?"

"ஒரு கை."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

நான்காவது ஞாயிறு, ஒளி விழுகிற இடங்களுக்கு வெள்ளைப் பென்சிலை எடுத்தாள். நகத்தில் கொஞ்சம், மணிக்கட்டு எலும்பில் கொஞ்சம். பிறகு என்ன ஆனது என்று அவளால் சொல்ல முடியாது. வெள்ளைக்கோல் விரலுக்கு வந்ததும் பதினாறு வருடப் பழக்கம் கையைப் பிடித்து நடத்திவிட்டது. நிமிர்ந்து பார்த்தபோது எட்டு ஓட்டையைச் சுற்றியும் எட்டு வட்டம். புருஷனின் கையில் டேமேஜ் மார்க் போட்டிருந்தாள்.

பதறிப்போய் ரப்பரால் தேய்த்தாள், பேப்பர்தான் நைந்தது. அழாத குறையாக அம்பரீனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அம்பரீன் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம், "தொடாதீங்க. இதுல இனிமே எதையும் தொடாதீங்க," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தன் வேலையைப் பார்த்து ஒருத்தி கண் கலங்குவது சவுரியம்மாளுக்கு அதுவரை நடந்ததில்லை. சூப்பர்வைசர்கள் நாக்குத்தான் சொடுக்குவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் புத்தி எங்கோ போய்விட்டது.

சனிக்கிழமை கண்காட்சி. சிறப்பு விருந்தினர் நயீம் அகமது. அந்த ஓவியப் பள்ளியின் மண்டபமே அவர் கட்டிக் கொடுத்தது. இன்பராஜ் வேலை செய்கிற தோல் ஷாப்பின் முதலாளியும் அவரேதான். மெல்லிய குரல், வெள்ளை ஜிப்பா. யார் படத்தையும் அவசரமாகத் தாண்டிப் போகாத மனிதர். சவுரியம்மாள் வரைந்த கையின் முன்னால் வந்து நின்றார். கூட வந்தவர்களில் ஒருவர், வட்டங்கள் புனிதர்களின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளி மாதிரி இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் அது எதிர்ப்பின் குறியீடு என்றார். நயீம் அகமது இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோலோடு பிறந்து வளர்ந்தவர். அந்த வட்டம் என்னவென்று அந்த மண்டபத்தில் அவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

"யார் வரைஞ்சது?"

அம்பரீன் சவுரியம்மாளை முன்னால் தள்ளினாள். யாரோ கைபேசியில் வீடியோ எடுத்தார்கள்.

"எங்க வேலை செய்றீங்கம்மா? மார்க்கிங்கா?"

"ஆமா சார். எப்பிடி சார் கண்டுபுடிச்சீங்க?"

"வட்டம் சொல்லுதே. பிரமாதமான கண்ணு உங்களுக்கு." அவர் குரலில் பொய் இல்லை. "யாரோட கை இது?"

முப்பத்தொன்பது வயதுவரை யாரும் அவளை இப்படி நிற்க வைத்து, மைக் இல்லாமலே எல்லாரும் கேட்கும்படி, மரியாதையாகக் கேள்வி கேட்டதில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் வூட்டுக்காரருது சார்," என்றாள். "உங்க ஷாப்புலதான் வேலை செய்யறாரு. பதினாலு வருசம். சுண்ணாம்பு யார்டு."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது, தான் சொன்னது. நயீம் அகமது தலையை ஆட்டினார். "அப்படியா," என்றார். படத்தைத் தானே வாங்கிக்கொள்வதாக அம்பரீனிடம் சொன்னார். மூன்று நாள் கண்காட்சி. படத்தை அன்றைக்கே இறக்கிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்பராஜ் வீட்டுக்கு வந்துவிட்டான். சவுரியம்மாளுக்குப் போன் போட்டு வரச்சொல்லி, அவள் வரும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எத்தினி நாளா வரைஞ்ச?"

"நாலு ஞாயிறு."

"நான் தூங்கறப்பவா?"

"ஆமா."

"தூங்கறவன் பாக்கெட்ல கைய வுடறவனும் நீயும் ஒண்ணுதாண்டி."

"வேணும்னு சொல்லலீங்க. கேட்டாரு, வாயில வந்துட்டுது."

"டாக்டரு டேப்ப பிரிக்கச் சொன்னாரு. கைய டேபிள் மேல வெச்சி விரிச்சிப் பாக்கறாரு, நீ தோலப் பாக்கற மாரியே. எட்டுன்னு எழுதினாரு. எட்டுன்னு முன்னாடியே அவுருக்குத் தெரியுது. எண்ணி வெச்சித்தான் கூப்புட்டிருக்காங்க." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தெரு வந்து விலக்கியிருக்கும். "வட்டம் எதுக்குப் போட்ட?"

"கை பழக்கம்."

"வட்டம் போட்ட எடத்த இன்னா பண்ணுவாங்க உங்க கம்பெனில?"

அவள் கழுத்திலிருந்த ஐ.டி. கார்டைக் கழற்றி உள்ளங்கையில் சுருட்டினாள்.

"சொல்லு. வெட்டித் தூக்கிப் போடுவாங்க இல்ல? அதான் போட்டுட்டாங்க. உன் வேலைய நீ கரெக்டா பண்ணிட்ட, போ."

அன்று மாலை லியாகத் அலி வந்தார். இன்பராஜோடு அதே யார்டில் வேலை, ஐம்பது வயது, மூன்று பெண்களுக்குத் தகப்பன். உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக் குடித்தார்.

"தங்கச்சி, என் கைய நீ வரையவேயில்ல. ஆனா என்னியும் அனுப்ச்சிட்டாங்க. இன்பராஜோட சேத்து ஏழு பேரு. எல்லாரு கையையும் பிரிச்சிப் பாத்தாங்க."

"பாய், நான் வேணும்னு…"

"வேணும்னா வேணாம்னா, வுடு. உன் மேல கோவம்லாம் இல்ல. கோவப்பட்டு இன்னா ஆவப்போவுது, பேஜாருதான் ஜாஸ்தி. நீ நல்லாத்தான் போட்டிருக்க. என் சின்னப் பொண்ணு போன்ல காட்டிச்சி. பாத்ததும் என் கை எரிஞ்சிது." அவர் எழுந்தார். "வூட்ல மூணு பொண்ணு இருக்குது. அத்த மட்டும் நெனச்சிக்கோ."

தெருவில் மற்ற ஐந்து வீட்டுப் பெண்கள் அவ்வளவு நல்லவர்களாக இல்லை. குழாயடியில் சவுரியம்மாளின் குடம் வரிசையிலிருந்து தானாக நகர்ந்து கடைசிக்குப் போனது. "படம் போடறவங்க வர்றாங்க, கைய மறைச்சிக்கோங்க," என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். நிஷா ஹாஸ்டலிலிருந்து போன் செய்து, "ஏம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அழுதாள்.

பத்து நாள் கழித்துத் தோல் ஷாப்பிலிருந்து ஆள் வந்தது. அந்த வீடியோ எப்படியோ சுற்றி வெளிநாட்டு பையர் கண்ணில் பட்டுவிட்டதாம். உங்கள் யார்டில் இப்படியா என்று கேட்டு எழுதியிருக்கிறார்களாம். சவுரியம்மாள் வந்து, அந்தப் படம் நிஜமல்ல என்று எழுதிக் கொடுத்தால் ஏழு பேரையும் மறுபடி எடுத்துக்கொள்வார்களாம்.

அவள் அம்பரீனுக்குப் போன் செய்தாள்.

"எழுதாதீங்க அக்கா!" அம்பரீன் போனிலேயே துடித்தாள். "தேர்வே நேர்ல பாத்து வரையறதுதான். பாத்து வரையலைன்னு நீங்களே எழுதிக் குடுத்தா உங்கள டிஸ்குவாலிஃபை பண்ணிடுவாங்க. மறுபடி சேரவே முடியாது. உங்களோடதுதான் இந்த வருசம் முதல் மார்க்கு, தெரியுமா? இன்னும் அறிவிக்கல, நான் சொல்லக் கூடாது. நீங்க உண்மையத்தானே வரைஞ்சீங்க?"

"ஆமா மிஸ்."

"அப்புறம் ஏன் பயப்படணும்?"

சவுரியம்மாள் போனை மறு காதுக்கு மாற்றினாள். "உங்க அப்பா இன்னா வேலை மிஸ் செய்யறாரு?" என்று கேட்டாள். அம்பரீன் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். முதல் மார்க் என்ற சொல்லை மட்டும் அன்றைக்கு முழுவதும் வாய்க்குள் போட்டு அதக்கிக்கொண்டிருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை புருஷனும் பெண்சாதியுமாகத் தோல் ஷாப்புக்குப் போனார்கள். மற்ற ஆறு பேரும் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்றார்கள். முதலில் ஏழு பேருக்கும் புது ரப்பர் கையுறை கொடுத்து, மாட்டச்சொல்லி, யார்டு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பிறகு இன்பராஜையும் சவுரியம்மாளையும் மட்டும் ஏ.சி. அறைக்குக் கூப்பிட்டார்கள்.

ஹெச்.ஆர். அதிகாரி பரணிதரன் நல்ல பையன். எழுந்து நின்று வணக்கம் சொன்னான், டீ வரவழைத்தான். அவனுக்குப் பின்னால் அலமாரியோரம் ஒரு படம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பின்பக்கத்தில் ஓவியப் பள்ளியின் சீட்டைப் பார்த்ததும் சவுரியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'எனக்கு ஓவியம் முறையாக வரையத் தெரியாது. மேற்படி படம் என் கற்பனை. எவருடைய கையையும் பார்த்து வரையவில்லை. தவறுக்கு வருந்துகிறேன்.'

எழுதி முடித்ததும் அவன் வெள்ளைத்தாள் ஒன்றை நகர்த்தினான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. லெட்டர் மட்டும் அனுப்பினா நம்ப மாட்டாங்க. அந்தப் படத்தைப் பாத்தவங்க, வரையத் தெரியாதவங்க போட்டதுன்னு எப்படி ஒத்துக்குவாங்க? அதனால ஒரு கை வரைஞ்சி குடுங்க, சாம்பிளுக்கு. சுமாரா இருந்தா போதும்."

அவள் பென்சிலை எடுத்து, மேசைமேல் கிடந்த தன் இடது கையைப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் முடித்தாள். பரணிதரன் எட்டிப் பார்த்தான்.

"நல்லா இருக்குதேம்மா. நல்லா இருக்கக் கூடாது."

அதைக் கிழித்துக் கூடையில் போட்டான். இரண்டாவது தாளில் விரல்களைக் கோணலாகப் போட்டாள். ஆனால் கட்டை விரல் உள்ளங்கையில் சேருகிற இடத்தைக் கோணலாக்க அவள் கை ஒப்பவில்லை. அதுவும் கூடைக்குப் போனது. "இடது கைல போட்டுப் பாருங்க," என்று அவனே யோசனை சொன்னான். இடது கையில் போட்டாள். கோடு நடுங்கி, கை நோய்க்காரன் கைபோல வந்தது.

"ஐயோ, இது அதை விட பயமா இருக்குதும்மா," என்றான் பரணிதரன். அவன் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டான். மணியைப் பார்த்துக்கொண்டான். "பன்னெண்டு மணிக்குள்ள மெயில் போகணும்."

நான்காவது தாளை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மோசமாக வரைவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக அதை மறக்கத்தான் படித்திருந்தாள்.

மூலையில் இருந்த இன்பராஜ் எழுந்து வந்தான். வலது கையுறையைக் கழற்றினான். டேப் இல்லாத கையை, ஓட்டைகளோடு, அந்த வெள்ளைத்தாள்மேல் கவிழ்த்து விரல்களை விரித்து வைத்தான்.

"இத்த சுத்தி கோடு போடு. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க போடற மாரி."

அவள் போட்டாள். பென்சில் ஒவ்வொரு விரலாக ஏறி இறங்கியது. சுண்டு விரலின் ஓரத்தில் இருந்த புண்ணில் முனை இடித்ததும் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான், கையை எடுக்கவில்லை. கோடு மணிக்கட்டில் வந்து முடிந்தது. அவன் கையை எடுத்தான்.

"இது போதும்," என்றான் பரணிதரன். முகம் மலர்ந்துவிட்டது. "கீழ 'வரைந்தவர்'னு எழுதி உங்க பேரு போட்டுடுங்க. வலது கையிலயே போடலாம்."

'வரைந்தவர்: சவுரியம்மாள்' என்று எழுதினாள். அவன் அதைக் கடிதத்தோடு சேர்த்துப் பின் அடித்தான். ஏழு பேரும் அன்றைக்கே ஷிப்டில் சேர்ந்துகொள்ளலாம் என்றான். இன்பராஜ் கதவருகே போனதும், "அண்ணா, க்ளவுஸ இங்கயே வெச்சிட்டுப் போங்க. கணக்கு காட்டணும்," என்றான். இன்பராஜ் மற்றக் கையுறையையும் கழற்றி, இரண்டையும் ஜோடியாக மேசைமேல் வைத்தான்.

வெளியே வெயில் தார்ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. யார்டிலிருந்து சுண்ணாம்பும் ஊறிய மயிருமாக நாற்றம் வந்தது. இன்பராஜ் நடையை நிறுத்தினான். பத்து நாளில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"கடைசியா போட்ட பாரு, அது நல்லா இருந்திச்சி சவுரி. ஒரு ஓட்ட இல்ல. கல்யாணத்தப்ப எனக்கு அந்தமாரிதான் இருந்திச்சி கை. அத மாரி ஒண்ணு வூட்டுக்குப் போட்டு வையேன்."

அவன் மனதாரத்தான் சொன்னான். அவளைச் சமாதானம் செய்வதாக நினைத்துச் சொன்னான். அவளுக்கு அவனைப் பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது. அதைவிட, அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அலற வேண்டும் போலிருந்தது. "சரி, போடறேன்," என்றாள். அவன் சட்டைப் பையிலிருந்து கறுப்பு டேப் சுருளை எடுத்துப் பல்லால் நுனியைக் கிழித்து, விரல்களில் சுற்றிக்கொண்டே சுண்ணாம்பு யார்டுக்குள் போனான்.